ஒரு குறையும் இல்லாத இல்லம்

இட்லி கல்லு மாதிரி இருக்கிறதாம். அதைக் கேட்பதற்காக சுரண்டையில் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பைக்கில் வந்து இறங்கியிருந்தான் குற்றாலீஸ்வரன்.

ஷெர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்தருவி போகிற சாலையில் இருக்கும் அந்திச்சாரல் முதியோர் இல்லத்துக்கு அவள்தான் பொறுப்பு நர்ஸ். ஒவ்வொரு ஈடு இட்லியிலும் ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் பந்திக்கு அனுப்புவாள். அவள் இட்லியைக் கல் என்று சொல்ல ஒருத்தருக்கு நாக்கு வருமா? வந்தது. ஓய்வுபெற்ற ஏட்டையா சுடலையாண்டிக்கு வந்தது. மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, கைகழுவிய ஈரம் காயும் முன்னே மகனுக்குப் போன் போட்டிருக்கிறார் மனுஷன்.

"எங்கப்பா என்ன ஆளில்லாத அநாதையா சிஸ்டர்? கேக்க நான் இருக்கேன்" என்று தொடங்கி குற்றாலீஸ்வரன் ஒரு பாட்டம் கத்தினான். கத்திக் களைத்தபின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த அல்வாவைப் பிட்டுக் கொடுத்தான். ஊர்க்கதை பேசினான். வெயில் தாழ்ந்ததும் போனான்.

இதில் ஷெர்லினுக்கு வயிறெரிந்தது எதற்கென்றால், சண்டை நடக்கிற நேரம் முழுக்க ஏட்டையா பளிச்சென்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க அலங்காரம் வேறா?

ஆனால் அவளுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. புகார் வந்தால் அன்றைக்கே சரிசெய்துவிடுவாள். மறுநாள் இட்லி பஞ்சாகிவிட்டது. ஏட்டையா வாயைத் திறக்கவில்லை. மாதம் ஒன்று ஓடியது. ஷெர்லின் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

அப்புறம் காற்றாடி ஆடுகிறது, தலையில் விழப்போகிறது என்று போன் போனது. குற்றாலீஸ்வரன் வந்தான், கத்தினான், அல்வா கொடுத்தான், போனான். ஷெர்லின் புதுக் காற்றாடி மாட்டினாள்.

சீசன் தொடங்கி சாரல் விழுந்தது. அருவிக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்துக் குரங்குகளும் இறங்கின. ஒன்று ஜன்னல் வழியாகக் கைவிட்டு ஏட்டையாவின் வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தூக்கியது குரங்கு, திட்டு வாங்கியது ஷெர்லின். இந்தத் தடவை குற்றாலீஸ்வரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து கத்தினான். அன்று சாயங்காலமே ஷெர்லின் ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை அடித்தாள்.

அதோடு தீர்ந்ததா? "முப்பது வருசம் ஆளப் பிடிச்சு உள்ள போட்டவன் நான். இப்ப இந்த நர்சு என்னய உள்ள போட்டுட்டா" என்று ஏட்டையா போனில் சொல்வது வராந்தா முழுக்கக் கேட்டது. மகன் மறுபடி வந்தான். ஷெர்லின் வலையைக் கழற்றி, மலை தெரிகிற மாதிரி கண்ணாடிக் கதவு போட்டுக் கொடுத்தாள்.

பக்கத்து அறை மூக்கம்மாள் ஆச்சிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. எல்லாத்துக்கும் இப்படிப் பறக்காதே, ஏட்டையாவுக்கு ஒன்றிரண்டு குறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். ஷெர்லினுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷ நர்ஸ் வேலையில் குறை வை என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அப்புறம் ஏட்டையாவுக்குப் புகார் சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. இரண்டு மாதம் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகுதான் அந்தக் குண்டைப் போட்டார். இல்லத்தில் தன்னைப் பட்டினி போடுகிறார்களாம்.

குற்றாலீஸ்வரன் கொதித்துப்போய் மேலிடத்துக்கு மனு கொடுத்துவிட்டான். விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் இல்லத்தின் முதலாளி, புகார் உண்மை என்று எழுதிவிட்டால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடு என்று ஷெர்லினிடம் சொல்லிவிட்டார். அன்று முழுக்க அவள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஊட்டி, துடைத்து, மருந்து கொடுத்து, கால் பிடித்துவிட்டதற்குக் கிடைத்த பட்டம் பட்டினி போட்டவள். அநியாயத்துக்கும் ஒரு அளவில்லையா?

அதிகாரி மங்களேஸ்வரி நறுக்குத் தெறித்த மாதிரி பேசுகிறவர். அடுக்களையில் சாம்பாரை ஊற்றிக் குடித்துப் பார்த்தார். படுக்கை விரிப்பை முகர்ந்தார். குளியலறைக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார். கடைசியில் ஏட்டையாவை எடைமேடையில் ஏற்றினார். சேர்ந்தபோது இருந்ததைவிட ஏழு கிலோ கூடியிருந்தார். இஸ்திரிச் சட்டையின் வயிற்றுப் பித்தான் அதற்குச் சாட்சி சொன்னது.

"இதுதான் பட்டினின்னா, எனக்கும் இங்கன ஒரு கட்டில் போடுங்க" என்றார் மங்களேஸ்வரி. ஜில்லாவில் இப்படி ஒரு இல்லத்தைத் தான் பார்த்ததில்லை என்றும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

குற்றாலீஸ்வரனுக்கு முகம் செத்துப்போனது. "மன்னிச்சிருங்க சிஸ்டர். இனி அப்பா போன் போட்டா நான் எடுக்கவே போறதில்ல. ஒரு கொறையும் இல்லாத எடத்துல இருக்காரு. நான் நிம்மதியா கடையப் பாக்கேன்" என்றான். அப்பா பக்கத்தில் உட்காரவில்லை. அல்வாப் பொட்டலம் வண்டியிலேயே தொங்கிக்கொண்டு போனது.

ஷெர்லின் ஜெயித்துவிட்டாள். ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. நேரே ஏட்டையா முன்னால் போய் நின்றாள்.

"சொல்லுங்க தாத்தா. நான் உங்களுக்கு என்ன கொற வெச்சேன்?"

பைக் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "நீ ஒரு கொறையும் வெக்கலம்மா" என்றார். அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பனியனோடு தன் அறைக்கு நடந்தார்.

"பாத்தீங்களா ஆச்சி, வாயடைச்சுப் போச்சு" என்றாள் ஷெர்லின்.

கதவோரம் உட்கார்ந்திருந்த மூக்கம்மாள் ஆச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒண்ணுவிடாம எல்லாத்தையும் சரி பண்ணிப்போட்டியே, இனி அந்த மனுசன் எதச் சொல்லி மவன வரவைப்பாரு?"