தாமான் சங்கத்துக்கு ஐந்து பேர் தேவை

ராமையா லோரிக்கு அடியில் மல்லாந்து படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து சட்டென்று எழுந்து ஓட முடியாது என்பதால்தான் லெட்சுமணன் அந்த நேரமாகப் பார்த்து வந்திருந்தார்.

"ராமையா, பொருளாளர் பதவி. பெரிய வேலை ஒண்ணும் இல்ல. பேரு மட்டும் குடுத்தா போதும்."

வெளியே தெரிந்த இரண்டு கால்களும் அசைவதை நிறுத்தின.

"எனக்கு முதுகு வலி சார்," என்றது லோரி.

"பொருளாளருக்கு முதுகு எதுக்குய்யா?"

"உங்க மீட்டிங்ல உக்காரணும்ல சார்."

கால்கள் அதற்குமேல் பேசத் தயாராக இல்லை. லெட்சுமணன் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

தேயிலைத் தோட்டத்தை ஒட்டி மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன வீடமைப்புத் தாமானின் குடியிருப்பாளர் சங்கத்துக்கு லெட்சுமணன்தான் தலைவர். அரசாங்க அலுவலகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "துவான், துவான்" என்று மரியாதையாகக் கூப்பிடக் கேட்டே பழகிய காது அது. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அந்தக் காதில் விழுந்ததெல்லாம், "வரும்போது கோஸ் வாங்கிட்டு வாங்க, போன தடவ மாதிரி புழு விழுந்தத வாங்கிட்டு வராதீங்க" என்ற பத்மாவின் குரல் மட்டும்தான். கட்டின மனைவியே இப்படி என்றால் ஊரில் எவன் மதிப்பான்? சங்கம் மட்டும் இல்லாவிட்டால் தான் வெறும் கோஸ் வாங்குகிற ஆள்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் 'தலைவர்' என்று பொறித்த ரப்பர் முத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார்.

இப்போது அதற்கும் ஆபத்து வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக்கூட்டம். செயலவைக்குத் தலைவரைத் தவிர ஐந்து பேர் இல்லாவிட்டால் சங்கத்தின் பதிவு ரத்து. பழைய செயலவையில் இரண்டு பேர் ஈப்போவுக்குக் குடிபோய்விட்டார்கள். ஒருவர் இறந்துபோனார். மிச்சம் இருந்தவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள், ஆனால் லெட்சுமணனைக் கண்டால் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

விக்னேஸ்வரி வாசலிலேயே மாட்டிக்கொண்டாள்.

"செயலாளரா? ஐயோ சார், சனி ஞாயிறு எனக்கு ஸ்ட்ராபெரி கடை."

"திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும்?"

"களைப்பு சார்."

சுற்றுப்பயணிகளை ஜீப்பில் மலைக்கு ஏற்றிப்போகும் தினேஸ்வரன், "நான் ரோட்டுலயே கெடக்குற ஆளு லா சார். அதுவும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எனக்கு வேற மீட்டிங் இருக்கு," என்றான்.

"என்ன மீட்டிங்?"

தினேஸ்வரன் ஜீப்பின் டயரைப் பார்த்தான். "குடும்ப மீட்டிங் சார்."

எல்லா வீட்டையும் சுற்றிவிட்டு லெட்சுமணன் வீடு திரும்பியபோது, பத்மா வாசல் பைப்பில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு.

"இந்தத் தாமான்ல ஒருத்தனுக்காவது பொது அக்கறை இருக்கா?" என்று ஆரம்பித்தார் லெட்சுமணன். "காவா அடைச்சிக் கெடந்துச்சு. நான் லெட்டர் போட்டேன், ஒரே வாரத்துல சுத்தமாச்சா இல்லையா? தெருவிளக்கு எரியல. லெட்டர் போட்டேன், எரிஞ்சிச்சு. பின்னால மண்ணு சரியுதுன்னு எழுதுனேன், ப்ளாஸ்டிக் போட்டு மூடிட்டாங்க. யாராவது ஒரு நன்றி சொன்னானா?"

"சனங்க அப்படித்தான்," என்றாள் பத்மா, விரலிடுக்கில் இருந்த சேற்றைத் தேய்த்தபடி.

"ஊரச் சொல்றேன், நீ மட்டும் என்னா? சாயங்காலம் ஆனா நடக்கப் போறேன்னு கிளம்பிடுற. சங்கத்தப் பத்தி ஒரு வார்த்த கேட்டிருக்கியா?"

"எனக்குச் சர்க்கரை இருக்குல்ல. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு பொதுச்சேவை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று லெட்சுமணன் தனக்குத்தானே பரிதாபப்பட்டுக்கொண்டார்.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல், மாதக்கூட்டத்துக்கு எப்படியும் மூன்று நான்கு பேர் வந்துவிடுவார்கள் என்பது. அதிலும் ஒரு மாதம் வந்தவர்கள் அடுத்த மாதம் வருவதில்லை. வேறு மூன்று நான்கு பேர் வருவார்கள். ஆர்வம் வீடு வீடாகப் பரவுகிறது என்று அதற்கு அவர் அர்த்தம் செய்துகொண்டிருந்தார். பரவுகிற ஆர்வம் ஏன் பதவி என்றதும் ஓடி ஒளிகிறது என்பதுதான் புரியவில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்டார்: 'ஆண்டுக்கூட்டத்துக்கு வராதவர்கள் செயலவைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள்.' வழக்கம்போல் பாதிப் பேர் வரமாட்டார்கள், அவர்களில் ஐந்து பேரைப் பிடித்துப் போட்டுவிடலாம் என்பது கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை தாமானே மண்டபத்துக்குத் திரண்டு வந்தது. காலில் மாவுக்கட்டுப் போட்டவரை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். உட்கார இடம் போதாமல் கோயிலில் இருந்து நாற்காலி கொண்டுவந்தார்கள். வராதவர் என்று ஒருவர்கூட இல்லை.

"சரி, வந்தவங்கள்ல யாரு முன்வர்றீங்க?" என்றார் லெட்சுமணன்.

ஒரு கைகூட எழவில்லை. காய்கறித் தோட்டத்துக் கோழி எருவுக்கு வரும் ஈக்கள் மூக்கிலும் காதிலும் உட்கார்ந்தன. எங்கே கை தூக்கியதாகக் கணக்கு வைத்துவிடுவாரோ என்று அவற்றைக்கூட யாரும் விரட்டவில்லை. முன்வரிசையில் இருந்த வாணி மட்டும் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். மூலை வீட்டுக்குப் புதிதாக வாடகைக்கு வந்த நர்ஸ் அவள்.

லெட்சுமணன் அசரவில்லை. மேசைக்கு அடியில் பை ஒன்று வைத்திருந்தார். கோயில் கமிட்டி என்றால் இதே ஆட்கள் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்ச் சண்டை போடுகிறார்கள். சாமி மேல் உள்ள பக்தியா அது? மாலை மேல் உள்ள பக்தி. அது அவருக்குத் தெரியாதா?

"பதவி ஏத்துக்குற அஞ்சு பேருக்கும் மேடையில மாலை, பொன்னாடை," என்று பையைத் திறந்து காட்டினார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. விக்னேஸ்வரி எழுந்தாள்.

"சார், இத்தன வருசமா எங்களுக்காக ஒழைக்கிறீங்க. அந்த மாலைய உங்களுக்குப் போடாம வேற யாருக்குப் போடுறது?"

கைதட்டல் பலமாக இருந்தது. கையைத் தட்டினால் தூக்க வேண்டியதில்லை அல்லவா? தினேஸ்வரன் மேடைக்கு ஓடி ஐந்து மாலையையும் அவர் கழுத்திலேயே போட்டான். ஐந்து பொன்னாடையும் அதன்மேல் ஏறின. சாமந்திப் பூவுக்குள்ளிருந்து கண்ணாடி மட்டும் தெரிந்தது.

அந்தப் பூவுக்குள் நின்றபோதுதான் லெட்சுமணனுக்கு முதல் முறையாகப் பயம் பிடித்தது. மாலையும் போச்சு, ஆளும் இல்லை. நாளைக்குச் சங்கம் இல்லை. மறுநாள் காலையில் எழுந்து எங்கே போவது? யார் அவரைத் தலைவர் என்று கூப்பிடப் போகிறார்கள்? கோபமும் வந்தது.

"அப்ப சங்கத்தக் கலைச்சிடலாம்," என்றார். "நான் ராஜினாமா பண்றேன். எனக்கென்ன, இனிமே நேரம்தான் நேரம். மாசத்துக்கு ஒரு மீட்டிங் எதுக்கு? தெனமும் ஒரு வீடா வந்து உக்காந்து, உங்க கொறைய நேர்லயே சாவகாசமாக் கேட்டுக்கறேன்."

ராமையாவின் முகம் வெளுத்தது.

அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து பத்மா தேநீர்த் தட்டோடு வந்தாள். ராமையாவுக்கு ஒரு கோப்பை கொடுத்துக் காதோரம் ஏதோ சொன்னாள். விக்னேஸ்வரியிடம் ஒன்று, தினேஸ்வரனிடம் ஒன்று. இன்னும் இரண்டு பேரிடமும் குனிந்தாள். கணவன் வாழ்க்கையே கவிழ்ந்துகொண்டிருக்கும்போதுகூட இவளுக்குச் சீனி போதுமா என்பதுதான் கவலை என்று லெட்சுமணன் நொந்துகொண்டார்.

ராமையாவின் கை மெல்ல மேலே போனது. பிறகு விக்னேஸ்வரி. தினேஸ்வரன். அப்புறம் இன்னும் இரண்டு கைகள்.

"முதுகு வலி?" என்றார் லெட்சுமணன்.

"தாங்கிக்கறேன் சார். நீங்க மட்டும் ராஜினாமா பண்ணிடாதீங்க."

லெட்சுமணன் உண்மையாகவே அழுதுவிட்டார். தன்னை இழக்க இந்த மக்களுக்கு மனம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றியுரை என்ற பெயரில் தேநீர் ஆறி, எதிரே தேயிலைச் சரிவைப் பனி மூடும் வரைக்கும் பேசினார். ஐந்து பேரின் பெயருக்கும் பக்கத்தில் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாணியும் நான்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லெட்சுமணன் மாலைகளோடு அவளை மறித்தார்.

"பாத்தியாம்மா, சங்கம்னா இப்படித்தான் இருக்கணும். நீ கடைசி வரைக்கும் கவனமாக் கேட்ட. அடுத்த வருசம் நீயும் ஒரு பொறுப்பு எடுத்துக்கணும்."

வாணி நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டு வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

"எனக்கும் ஆசதான் சார், ஆனா பத்மா அக்கா நடத்துற சங்கத்துல காவா வெட்டுறது, லைட்டு மாத்துறது, சரிவுக்கு ப்ளாஸ்டிக் போடுறதுன்னு எல்லா வேலைக்கும் ஆள் ரொம்பிடுச்சாம், புதுசா சேர்றவங்களுக்கு மொதல்ல உங்க மீட்டிங்ல வந்து உக்கார்ற டியூட்டிதானாம்."