எட்னா அக்காவுக்கு ஒருவரும் வரவில்லை

சுவிஸ் நாட்டில் இருக்கிற தமிழர்களுக்குள்ளே, செத்து எழுபது வருசமான ஒரு ஹொலிவூட் நடிகைக்கு ஆண்டு தவறாமல் பாயசம் படைத்த ஒரே மனிதர் கினோ அண்ணைதான். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், கூட்டிக்கொண்டுபோய் அவரிடம் அறிமுகம் செய்துவைக்கிறேன். மனிதர் சந்தோசத்தில் அழுதுவிடுவார்.

இங்கே 'கினோ' என்றால் சினிமாத் தியேட்டர். அகதியாக வந்த புதிதில் அவருக்குச் சூரிச்சில் ஒரு பழைய தியேட்டரில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. ஞாயிறு பகலில் அங்கே கறுப்பு வெள்ளைப் படம் ஓடும். ஒரு ஞாயிறு, சோளப்பொரி கூட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். திரையில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தா. கினோ அண்ணை தும்புத்தடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். படம் முடிந்து லைட் போட்ட பிறகும் நின்றாராம். முதலாளி வந்து தோளில் தட்டித்தான் ஆள் அசைந்தது.

ஜெர்மன் மொழியையும் அவர் அந்த நடிகையிடம்தான் படித்தார். அந்தப் படங்களுக்கு ஜெர்மன் குரல் சேர்த்திருப்பார்கள். பாதி காதல், பாதி அழுகை. ஆகவே இவருடைய ஜெர்மனும் அப்படியே அமைந்துவிட்டது. வதிவிடப் பேர்மிட் புதுப்பிக்கப் போன கந்தோரில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "நீங்கள் ஏன் இந்த நாட்டில் தொடர்ந்து இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். கினோ அண்ணை நெஞ்சில் கை வைத்து, "உன்னைப் பிரிந்து ஒரு நாள்கூட என்னால் உயிர்வாழ முடியாது" என்று சுத்தமான ஜெர்மனில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா முகம் சிவந்து, முத்திரையைக் குத்தி நீட்டிவிட்டார். "தங்கமான மனுசி தம்பி, கண் கலங்கிப் போச்சு அவவுக்கு" என்று இன்றைக்கும் சொல்வார்.

நடிகையின் பெயர் எட்னா. அது தாய் வைத்த பெயர். ஸ்டுடியோக்காரர்கள் வேறு ஒன்று வைத்தார்கள், உலகத்துக்கு அந்தப் பெயரைத்தான் தெரியும். ஆனால் அதைக் கினோ அண்ணைக்கு முன்னால் சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். "பெத்த தாய் வைச்ச பேர் ஒண்டு இருக்கேக்க, கண்டவன் வைச்ச பேரை ஏன் சொல்லுறியள்?" என்று பாய்வார். 'அக்கா' என்பது இவர் சேர்த்தது. செத்தபோது அவவுக்கு வயது முப்பத்தொன்பது, இவருக்கு இப்போது அறுபத்துநாலு. அதனால் என்ன, முந்திப் பிறந்தவ அக்காதானே என்பது அவர் கணக்கு.

எட்னா அக்காவின் சரித்திரத்தை நான் குறைந்தது நாற்பது தரம் கேட்டிருப்பேன். அவர் வாயாலேயே கேளுங்கள்.

"பிறந்தது ஒரு பஞ்சாலை ஊரில. தாய் ஊராற்ற உடுப்புத் தோய்ச்சுப் பிள்ளையை வளர்த்த மனுசி. பதினேழு வயசில கோப்பிக் கடையில பரிமாறிக்கொண்டு நிண்டதை ஒருத்தன் கண்டுபோட்டு, வா பிள்ளை நடிக்க எண்டு கூட்டிக்கொண்டு போனவன். போன உடன என்ன செய்தவங்கள் தெரியுமோ? பல்லைப் பிடுங்கி வேற பல்லு வைச்சவங்கள். நெத்தி மயிரை ஒவ்வொண்டாப் பிடுங்கினவங்கள். காலைமை சூப், மத்தியானம் சூப். நித்திரைக்கு ஒரு குளிசை, முழிப்புக்கு ஒரு குளிசை. தாய் செத்ததுக்குக்கூடப் போக விடேல்லைத் தம்பி, படப்பிடிப்பாம்! நாசமாப் போவாங்கள்."

இருபத்திரண்டு படம், மூன்று கணவன்மார், ஒரு வழக்கு. வழக்கு ஸ்டுடியோவுக்கு எதிராக. எட்னா அக்கா தோற்றா. அதோடு நல்ல வேசங்கள் நின்றுபோயின. கதாநாயகியாக இருந்தவ கதாநாயகியின் தாயானா, பிறகு வீட்டு வேலைக்காரியானா, பிறகு ஒன்றுமே இல்லை. கணவன்மாரைப் பற்றி மட்டும் கினோ அண்ணை சுருக்கமாகத்தான் பேசுவார். "முதலாவது குடிகாரன், ரெண்டாவது சூதாடி, மூண்டாவது ரெண்டும்."

கதை எப்போதும் ஒரே இடத்தில்தான் முடியும். எட்னா அக்காவின் கர்ப்பப்பையில் கட்டி. ஆஸ்பத்திரி. "கையெழுத்து வைக்க ஒருத்தரும் வரேல்லை. தானே தனக்கு வைச்சுப்போட்டு, ஒப்பரேசன் மேசையில ஏறிப் படுத்தவ. இறங்கேல்லை." இந்த இடத்தில் கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சீறுவார். நாற்பதாவது தரமும் சீறினார்.

இதை அவர் சொல்லாத விசேசமே கிடையாது. ஓர்லிகோனில் ஒரு கலியாணம். வாழ்த்துரை சொல்ல ஆள் தேடினார்கள், தெரியாத்தனமாக இவரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். "மணமக்களே! எங்கட எட்னா அக்கா மூண்டு தரம் கட்டினவ. மூண்டு தரமும் இப்பிடித்தான், மண்டபம் நிறைஞ்ச சனம், பூ, கேக். கடைசியில..." மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து மைக்கைப் பறித்தார். கினோ அண்ணை இறங்கி வந்து என் பக்கத்தில் இருந்து, "நல்ல பகுதி வரமுன்னம் பறிச்சுப்போட்டான்" என்று குறைப்பட்டார். இதில் நல்ல பகுதி எது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இந்த மனிதருக்கு ஒரு மனைவி உண்டு. பவளமக்கா. ஷ்லீரனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. அதிகம் பேசமாட்டா, பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "என்ர வீட்டில ரெண்டு பொம்பிளையள் தம்பி. ஒருத்தி சமைக்கிறாள், மற்றவள் செத்துப்போனாள். செத்தவளுக்குத்தான் மரியாதை" என்று ஒரு நாள் தேத்தண்ணி தந்தபடி சொன்னா. கினோ அண்ணை தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

எட்னா அக்காவின் நினைவு நாளுக்குச் சமைப்பதும் பவளமக்காதான். சோறு, ஏழு கறி, வடை, பாயசம். படத்துக்கு மாலை. "சூப்பிலயே பட்டினி போட்டுச் சாகடிச்சவங்கள். எங்கட வீட்டிலயாவது வயிறாரச் சாப்பிடட்டும்" என்பார் கினோ அண்ணை. அவவுக்குச் சாம்பெயின் என்றால் உயிராம். அதற்குப் பதிலாக ஆப்பிள் சாறு வைப்பார், தண்ணிதான் அவவைக் கெடுத்தது என்று. பவளமக்கா முணுமுணுத்துக்கொண்டே வடை சுடுவா. ஆனால் ஒரு வருசமும் சுடாமல் விட்டதில்லை.

அந்தப் பவளமக்காவுக்குத்தான் போன வருசம் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். வெட்டி எடுக்கவேண்டும், எடுத்த பிறகுதான் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று தெரியும் என்றார்கள். எட்னா அக்காவுக்கு வந்த அதே வருத்தம், அதே ஒப்பரேசன். கினோ அண்ணைக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குத் தொழில் மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கந்தோர் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய், ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்வேன். ஒரு சொல் கூட்டக்கூடாது, ஒரு சொல் குறைக்கக்கூடாது. கேட்டதை வெளியில் சொல்லவும் கூடாது, ஆகவே இதை எழுத இருவரிடமும் அனுமதி வாங்கினேன். எட்னா அக்காவின் சரித்திரத்தை விளக்கமாக எழுதவேண்டும் என்றார் கினோ அண்ணை. சுருக்கமாக எழுது என்றா பவளமக்கா. இருவரையும் ஏமாற்றிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஒப்பரேசனுக்கு முந்திய சந்திப்புக்கு என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். டொக்டர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். முன்பு ஏதாவது மருந்து ஒத்துவராமல் போனதா என்று கேட்டார். பவளமக்கா கணவரைப் பார்த்து, "இஞ்சேருங்கோ, அண்டைக்கு ஒரு ஊசி போட்டு என்ர உடம்பெல்லாம் தடிச்சதே, அது என்ன ஊசி?" என்று கேட்டா. கினோ அண்ணை திருதிருவென்று முழித்தார். எட்னா அக்கா குடித்த குளிசைகளின் நிறம்வரை தெரிந்த மனிதர்!

டொக்டர் அடுத்த கேள்விக்குப் போனார். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் ஆபத்து வந்ததுண்டா?

பவளமக்கா வாய் திறக்கமுன்னம் கினோ அண்ணை முந்திக்கொண்டார். "ஓம் டொக்டர். எங்கட அக்கா. இதே ஒப்பரேசன். மயக்கம் குடுத்து மேசையிலயே செத்துப்போனா."

அந்த அக்கா யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சொந்தமாக ஒன்றும் சேர்க்கக்கூடாதே! 'எங்கள் அக்கா' என்று அப்படியே ஜெர்மனில் சொன்னேன். டொக்டரின் பேனை நின்றது. முகம் மாறியது. பரம்பரையாக வரும் பிரச்சினையாக இருக்கலாம், முதலில் சோதிக்கவேண்டும் என்றார். தொலைபேசியை எடுத்தார். வியாழக்கிழமை ஒப்பரேசனைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டார். எத்தனை கிழமை தள்ளும் என்று தெரியாதாம்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் பவளமக்கா மெல்லத் திரும்பினா. "எனக்கு அக்கா இல்லை. நாலும் அண்ணன்மார். உங்களுக்குக் கூடப்பிறந்த ஒருத்தருமே இல்லை. ஆர் அந்த அக்கா?"

கினோ அண்ணை தரையைப் பார்த்தார். "எட்னா அக்கா" என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

அதையும் மொழிபெயர்த்தேன். யார் எட்னா என்று டொக்டர் கேட்டார். "அமெரிக்கா நடிகை. செத்து எழுபது வருசம்" என்றா பவளமக்கா, நேரே ஜெர்மனில், எனக்கு வேலை வைக்காமல். டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் கையால் வாயைப் பொத்தினார். சிரிக்கிறாரா கோபமா என்று தெரியவில்லை. எனக்கு என்னவோ நாங்கள் மூன்று பேரும் வெளியே போகவேண்டி வரும் என்றே பட்டது.

அப்போது கினோ அண்ணை உடைந்துபோனார். "டொக்டர், அவவுக்குக் கையெழுத்து வைக்கவும் ஒருத்தரும் வரேல்லை. கதவடியில நிக்கவும் ஒருத்தரும் இல்லை. அதுதான் அவ போனவ, மருந்தால இல்லை. இது என்ர மனுசி. இவ போனா எனக்கு ஒருத்தரும் இல்லை." இந்த முறை அவர் பேசியது சினிமா ஜெர்மன் இல்லை, தமிழ். நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. தொலைபேசியை எடுத்து, வியாழக்கிழமையே இருக்கட்டும் என்றார். பத்திரத்தைப் பவளமக்காவிடம் நீட்டினார். அவ கையெழுத்துப் போட்டா. "கீழ நானும் வைக்கலாமோ?" என்று கேட்டார் கினோ அண்ணை. தேவையில்லை என்றார் டொக்டர். மனிதர் கெஞ்சினார். சரி வையுங்கள் என்றதுதான் தாமதம், வெறுமையாக இருந்த இடத்திலெல்லாம் வைத்துத் தள்ளிவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே கோட்டும் டையுமாக ஆஸ்பத்திரியில் நின்றார். தனியே நிற்கவில்லை. ஒருத்தரும் வரேல்லை என்று யாரும் சொல்லக்கூடாதென்று, கைபேசியில் இருந்த அத்தனை பேருக்கும் எடுத்து வரச்சொல்லியிருந்தார். ஷ்லீரனிலிருந்து வந்தார்கள், ஓர்லிகோனிலிருந்து வந்தார்கள். லா ஷோ-து-ஃபோனில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மச்சான் ஒருவர் லீவு போட்டு, விடியவே ரயில் ஏறி வந்தார். மைக்கைப் பறித்த தாய்மாமன்கூட ஃபிளாஸ்க்கோடு வந்திருந்தார். எண்ணிப் பார்த்தால் நாற்பத்திரண்டு பேர், இடியப்பப் பெட்டிகளோடு.

ஒரு நோயாளிக்கு இரண்டு பேருக்குத்தான் அனுமதி என்று தாதி தலையில் கைவைத்தார். மற்றவர்கள் வாசலுக்கு வெளியே குளிரில் நின்று தேத்தண்ணி குடித்தார்கள். பின்னேரம் பவளமக்கா கண் விழித்து, வார்டு ஜன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறா. கீழே முற்றம் முழுக்கக் கறுத்த கோட்டும் தெரிந்த முகங்களும்.

"ஐயோ, நான் செத்துப்போனனோ?" என்று அலறினா.

"இல்லையப்பா, இருக்கிறீர்!" என்றார் கினோ அண்ணை.

"அப்ப ஏன் இவ்வளவு சனம்? எல்லாரையும் வீட்டை போகச் சொல்லுங்கோ, தடிமன் பிடிக்கப்போகுது!" தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. தாதி ஓடிவந்து சிரிக்கக்கூடாது என்று ஏசினார்.

பரிசோதனை முடிவு வர இன்னும் பத்து நாள். அந்தப் பத்து நாளும் கினோ அண்ணை எட்னா அக்காவின் பெயரை ஒரு தரமும் எடுக்கவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது. நாற்பது தரம் கேட்டுச் சலித்த கதையை, அண்ணை ஒருக்காச் சொல்லுங்கோவன் என்று நானே கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

முடிவு சொல்கிற அன்றைக்கும் நான்தான் மொழிபெயர்ப்பு. டொக்டர் கடதாசியைப் பிரித்துப் பார்த்து, கட்டி நல்ல கட்டிதான், கெட்டது ஒன்றும் இல்லை, ஆறு மாதத்துக்குப் பிறகு வந்தால் போதும் என்றார். நான் சொன்னேன். கினோ அண்ணை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே நடைபாதைக்கு வந்தோம். "தம்பி, இன்னொருக்காச் சொல்லும்."

"கெட்டது ஒண்டுமில்லை அண்ணை. அக்கா சுகம்."

"டொக்டர் அப்பிடியேதான் சொன்னவவோ? நீர் ஒண்டும் கூட்டிச் சொல்லேல்லையே?"

"இல்லை அண்ணை. ஒரு சொல்லும் கூட்டேல்லை."

"கேட்டது காணும், வாங்கோ. அரிசி ஊறப்போட்டிட்டு வந்தனான்" என்றா பவளமக்கா. ஆனால் நடக்கவில்லை. கோட்டுப் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக அங்கேயே நின்றா.

"கடைசியா ஒருக்கா" என்றார் கினோ அண்ணை.

எனக்கு ஓர்லிகோனில் மூன்று மணிக்கு வேறு வேலை இருந்தது. அவர் கேட்டார், சொன்னேன். திரும்பவும் கேட்டார், திரும்பவும் சொன்னேன். அந்த ரயிலை விட்டேன். அதற்கடுத்த ரயிலையும் விட்டேன்.