டேப்பு சார் அளந்த நாய்கள்

தஞ்சாவூரில் நாயின் முகத்தைப் பார்க்காமல் தோள்பட்டையைப் பார்த்துக் கொஞ்சிய ஒரே மனிதர் எங்கள் தெரு டேப்பு சார்தான். சர்வேயராக வயல் வயலாக அளந்து ஓய்வு பெற்றவர். அளக்க நிலம் இல்லாமல் போனதும் குட்டி நாய்களைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையில் டேப்பு, கையில் ஒவ்வொரு இனத்துக்கும் இலக்கணம் எழுதிய டைரி. காலையில் நடக்கக் கிளம்பும் எந்த நாயும் அவரிடம் அளவு கொடுக்காமல் மெடிக்கல் காலேஜ் ரோட்டை எட்டியதில்லை.

"டாய் சைஸ்னு சொல்லி வித்தானா? பத்து இன்ச்சோட நின்னுருக்கணும் சார். இது பதினொன்னரை. காதும் கொஞ்சம் தொங்குது" என்பார். நாய் வாங்கியவரின் முகமும் சேர்ந்து தொங்கும். ஒரு கல்லூரிப் பேராசிரியர், தன் பக் நாயின் வாலில் இருப்பது ஒரு சுருளா இரண்டா என்று இவரோடு வாதாடி வகுப்பையே கோட்டை விட்டார்.

எதிர்வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்த நர்ஸ் மாலதி, 'மினி பாமரேனியன்' என்று ஒரு வெள்ளைக் குட்டி வாங்கி, பட்டாணி என்று பெயர் வைத்தார். ஓர் அடி உயரத்துக்கு மேல் நாய் கூடாது என்பது வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரின் நிபந்தனை.

டேப்பு சார் பார்த்ததுமே, "இது பாம் இல்லம்மா, ஸ்பிட்ஸ். நல்லா வளரும்" என்றார்.

பட்டாணி அவர் வாக்கைக் காப்பாற்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் டேப்பு சாரையே மாடிக்கு அழைத்துப் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"நீங்களே அளந்து சொல்லுங்க சார். ஒரு அடி தாண்டியிருந்தா இன்னைக்கே நாயை அனுப்பிடணும்."

மாலதி பட்டாணியின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"தலை கணக்குல வராது. தோள் வரைக்கும்தான்" என்று விதியைச் சொல்லிவிட்டு டேப்பு சார் குனிந்தார். டேப்பின் நுனி தரையைத் தொடவில்லை. இரண்டு அங்குலம் மேலே, வேட்டி மறைவில், அவர் கட்டைவிரல் அதைப் பிடித்திருந்தது. அது நான் நின்ற பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

"பதினொன்னே முக்கால்" என்றார்.

வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். எண் சரியாகவே இருந்தது. முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

தெருவுக்கு வந்ததும் மெல்லக் கேட்டேன். "ரெண்டு இன்ச் எங்க சார் போச்சு?"

"வரப்பைக் கழிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

இப்போது டேப்பு சார் குத்தாலத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். அந்தப் பக்கம் கல்யாணம் என்று பத்திரிகை வந்தால், யாருக்கு என்றுகூடப் பார்க்காமல், அவரைச் சந்திக்க ஒரு சாக்காயிற்று என்று பஸ் ஏறிவிடுகிறேன்.