இஸ்திரி போட்ட பாம்புச் சட்டை

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். தையல் மெஷினும் நலம், போன வாரம்தான் எண்ணெய் விட்டேன். அங்கே உங்கள் முழங்கால், அண்ணனுடைய சர்க்கரை, பக்கத்து வீட்டுக்காரியோடு உங்களுக்கு இருக்கும் பேச்சுவார்த்தை எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆவல். உங்களிடம் வந்து தங்கியிருக்கும் உங்கள் தம்பியின் சாப்பாட்டைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவருக்குப் பயம் வந்தால் பசி இரண்டு மடங்காகும்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது உங்கள் போனை எடுப்பதே அவர்தான். என் குரலைக் கேட்டதும் "போயிடுச்சா?" என்கிறார். நான் "முதல்ல சாப்டீங்களா சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் வைத்துவிடுகிறார். அதனால்தான் பக்கத்து வீட்டு டிரைவர் கையில் இந்தக் கடிதம். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தெருவில் நாலாவது மாடியில் ஒரு வீடு காலியாக இருக்கிறதாமே, அதை அவர் இந்த வாரமே பேசி முடிக்கப்போகிறாராமே. தயவுசெய்து முடிக்க விடாதீர்கள். நாலாவது மாடிக்கு என் மெஷின் ஏறினாலும் என் வாடிக்கையாளர்கள் ஏறமாட்டார்கள். இந்த வீட்டை விட்டுப் போக எனக்குத் துளியும் மனசில்லை. போகவும் தேவையில்லை, ஏனென்றால் பாம்பு போய்விட்டது. எப்படிப் போனது என்பதை விவரமாக எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

கொல்லையில் பின்சுவர் ஓரமாக வெட்டுத்துணி மூட்டை ஒன்று கிடக்குமே, தலையணைக்கு அடைக்க என்று நான் சேர்த்து வைத்து, தலையணை மட்டும் தைக்காமலே இருக்கிறேன் என்று நீங்கள்கூடச் சொல்லிக் காட்டினீர்களே, அந்த மூட்டைக்குப் பின்னால் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. லைனிங் துணி என்று நினைத்து இழுத்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது. பாம்புச் சட்டை! அண்ணி, நான் இத்தனை வருஷமாகத் தைக்கிறேன், இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை. எங்கேயும் தையல் இல்லை, ஒட்டு இல்லை, பட்டன் இல்லை. பேன்ட் காலை உருவிக் கழற்றுவதுபோல உள்பக்கம் வெளியே வரும்படி கழற்றிப் போட்டிருக்கிறது. கண்ணுக்குக்கூட உறை வைத்த சட்டை, கண்ணாடி மாதிரி இரண்டு சின்ன வட்டம். முதுகுப் பக்கம் பொடிப்பொடிக் கட்டம், வயிற்றுப் பக்கம் அகலமான பட்டை. வால் ஆரம்பிக்கிற இடத்திலிருந்து மட்டும் அந்தப் பட்டை இரண்டிரண்டாகப் பிரிகிறது, துணி பற்றாமல் இரண்டு துண்டை ஜோடி சேர்த்த மாதிரி. அது ஏன் என்று யோசித்துக்கொண்டே உள்ளே எடுத்து வந்தேன். உங்கள் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னது அது?"

"சட்டைங்க."

"யாரோடது?"

"அளவைப் பாத்தா நம்ம வீட்டு ஆளுங்களது இல்ல" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் அதை உற்றுப் பார்த்தார். கையில் இருந்த உருண்டை தட்டுக்கும் போகவில்லை, வாய்க்கும் போகவில்லை.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். கசங்கிக் கிடக்கும் துணியை அப்படியே அளந்தால் அளவு தப்பும், அது எந்தத் தையல்காரிக்கும் தெரியும். அதனால் லேசாகத் தண்ணீர் தெளித்து, மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடு குறைத்து வைத்து, தலையிலிருந்து வால்வரை அருமையாக நீவிவிட்டேன். டேப்பை வைத்துப் பார்த்தால் ஆறரை அடி! சந்தோஷத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் உங்கள் தம்பி நாற்காலியில் இல்லை. வெட்டு மேஜைமேல் நிற்கிறார். மேஜைமேல் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகள் வெட்டி அடுக்கியிருந்தன. அவர் பாதம் பதிந்ததில் பன்னிரண்டு முதுகுத் துண்டுகள் வீண். குழம்புக் கை பட்டதில் இரண்டு காலர்.

உங்கள் தம்பி கோடவுனில் காவல் வேலை பார்க்கிறவர், சாதாரணமானவர் என்று நான் சொல்லமாட்டேன். போன வருஷம் சுவரேறிக் குதித்த திருடனைத் துரத்திப் பிடித்தவர். ஆனால் திருடனுக்குக் கால் இருக்கிறது. மேஜைமேல் நின்றபடியே என்னிடம் குச்சியைக் கேட்டார், டார்ச்சைக் கேட்டார். நல்ல பகல் வெளிச்சத்தில் டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். "ஆறரை அடின்னா என்னைவிட ஒரு அடி கூடடி. அது நின்னா என் தலைக்கு மேல பாக்கும்" என்றார். "அது எதுக்குங்க நிக்கப்போவுது?" என்றேன். "உனக்குப் பயமே இல்லையா?" என்றார். எனக்கு உண்மையிலேயே அப்போது பயம் தோன்றவில்லை அண்ணி, அந்த வால் பட்டையைப் பற்றித்தான் யோசனை. "நீங்க முதல்ல எறங்குங்க, துணி கசங்குது" என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். அவர் இறங்கினார், பையில் துணி அடைத்தார். வாசலில் நின்று, "உனக்குத்தான் எதுக்குமே பயம் கிடையாதே. அப்புறம் நான் எதுக்கு இந்த வீட்ல, காவலுக்கா?" என்றார். நான் மெஷினை நிறுத்தவில்லை. கோபத்தில் சொல்கிறார், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

போகிற வழியில் தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் போலிருக்கிறது. சாயங்காலம் என்னிடம் விசாரித்தவர்களின் கணக்குப்படி பாம்பு பத்தடியைத் தாண்டிவிட்டது. நானோ அதைப் பார்க்க வேண்டும் என்று வேலைக்கு நடுவில் எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். பாம்பு கண்ணில் படவில்லை, மற்றவர்கள் எல்லாரும் பட்டார்கள். துணி காயப்போடும் கம்பத்தில் ஓர் ஓணான் தண்டால் எடுக்கிறது. குழாயடியில் ஓர் அரணை, பளபளவென்று, சாட்டின் துணியில் தைத்த மாதிரி. ஜன்னல் கதவைச் சாத்தினால் ஒரு பல்லி வாலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறது, அந்த வால் தனியாகத் துடிக்கிறது. இத்தனை பேர் குடியிருக்கும் வீட்டில் வாடகை கொடுப்பது நாம் இரண்டு பேர்தான் அண்ணி. இன்னொன்றும் கவனித்தேன். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு துணியையாவது எலி கடித்து வைக்கும். கொஞ்ச நாளாக ஒரு கடியும் இல்லை.

நேற்று பக்கத்து வீட்டு டிரைவர் ஓர் ஆளை அழைத்து வந்தார். மின்விசிறி பழுது பார்க்கிறவர், கூப்பிட்டால் பாம்பும் பிடிப்பார். ஆறரை அடி என்று கேள்விப்பட்டுப் பெரிய சாக்கும் நீளக் குழாயும் கொண்டுவந்திருந்தார். வீறாப்பாக மூட்டைக்கு முன்னால் குனிந்தார், பேன்ட் பின்னால் டர்ரென்று கிழிந்துவிட்டது. "அக்கா, பின்னாடி பாக்காதீங்க" என்றார். "தையல்காரிகிட்ட வந்து இதுக்கு வெக்கப்பட்டா எப்படி, கழட்டிக் குடுங்க" என்றேன். யாரோ தைக்கக் கொடுத்திருந்த ஜன்னல் திரையை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் ஓரமாக நின்றார், நான் பின்வாசலை ஒட்டியிருக்கும் மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். மெஷின் அதிர்ந்ததோ என்னவோ, மூட்டைக்குள்ளிருந்து ஒரு தலை மெதுவாக வெளியே வந்தது. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. நானும் பார்த்தேன். காலை மெஷினிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு அழகான கண், பெரிசாக, வட்டமாக, எதையோ கேட்கப்போகிற மாதிரி. அதற்குள் மின்விசிறிக்காரர் ஒரு கையில் திரையையும் ஒரு கையில் பாம்பையும் பிடித்துவிட்டார்.

"சாரைக்கா இது, விஷமே கிடையாது. உங்க வீட்டு எலியத் தின்னுட்டுச் சுகமா படுத்திருக்கு. ஆமா, ஆறரை அடின்னு எவன் சொன்னான்?"

"நான்தான் அளந்தேன்."

"எப்படி அளந்தீங்க?"

"இஸ்திரி போட்டுத்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் பாம்பு குலுங்கியது. "கழட்டறப்பவே அது இழுபட்டு நீளும்கா. அதுல நீங்க ஈரம் பண்ணி இஸ்திரி வேற போட்டிருக்கீங்களே!" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பனியன் துணியை இழுத்துப் பிடித்து அளக்காதே, அளந்தால் நீளும் என்று வேலை கற்றுக்கொள்ள வருகிற பெண்களையெல்லாம் திட்டுகிறவள் நான். உடனே டேப்பை எடுத்து, அவர் பிடித்திருக்க, நேரிலேயே அளந்தேன். தொட்டால் வழவழப்பு இல்லை அண்ணி, நன்றாகக் காய்ந்த துணி மாதிரி சுத்தமாக இருக்கிறது. ஐந்தே கால் அடி, அவ்வளவுதான். அளவு முடிகிற இடத்தில் என் கை பழக்கதோஷத்தில் நீலச் சாக்பீஸால் ஒரு கோடும் போட்டுவிட்டது. அதைப் பார்த்து அவர் மறுபடியும் சிரித்தார். பிறகு பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, பாம்பைச் சாக்கில் போட்டு, தெருக்கோடிக்கு அப்பால் இருக்கும் புதரில் விட்டுவிட்டுப் போனார்.

ஆகவே அண்ணி, அவரை ஊரை விட்டுத் துரத்தியது பாம்பு இல்லை, என் இஸ்திரிப் பெட்டிதான். அதை அவரிடம் சொல்லுங்கள். பாம்பின் நீளம் ஐந்தே கால் அடி, அவருடைய உயரம் ஐந்தரை அடி. நின்றாலும் அவர்தான் கால் அடி உயரம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் சொல்ல என்ன வெட்கம். அவர் இல்லாத வீடு நன்றாக இல்லை. படுக்கப் போகுமுன் எல்லாத் தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்துவிட்டு "பூட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்வாரே, யாருக்கு இந்த அறிவிப்பு என்று நான் கேலி செய்வேன். இப்போது நானே எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு நானே சொல்லிக்கொள்கிறேன். பதிலுக்கு "சரி, படு" என்று சொல்ல ஆள் இல்லை. அவர் வாசலில் கேட்ட கேள்விக்கு அன்றே மெஷினை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாம்.

பாம்பு போய்விட்டது, பயமும் வேண்டாம், வேறு வீடும் வேண்டாம் என்று எடுத்துச் சொல்லி அவரை அனுப்பி வையுங்கள். அண்ணனுக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலைக் கேட்டதாகச் சொல்லவும். எல்லாரும் பல்லாண்டு வாழ, எலி இல்லாத வீட்டில் இருந்து வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: டிரைவர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். உறையைத் தேடி எழுந்தவள் தற்செயலாக ஜன்னலைப் பார்த்தேன். பின்சுவர்மேல் வெயிலில் நீளமாகப் படுத்திருக்கிறது. வாலில் நீலக் கோடு. அண்ணி, மேலே எழுதியதில் ஒரு வரியையும் அவரிடம் படித்துக் காட்டிவிடாதீர்கள். பாம்பு வந்துவிட்டது, உன் பெண்டாட்டி தன்னந்தனியாக மேஜைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள், உன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று சொல்லுங்கள். குச்சியும் டார்ச்சுமாக நடுங்கிக்கொண்டே அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பார், அவரை எனக்குத் தெரியும். பொய் சொல்லச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். நான் அவரைக் கூப்பிடுவது உண்மை. இதை மேஜைமேல் உட்கார்ந்து எழுதுவதும் உண்மைதான். இங்கிருந்து பார்த்தால்தான் சுவர் முழுசாகத் தெரிகிறது.