அப்பா இருக்கும்போதே மீசை எடுத்தவர்

வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பெங்களூர் தண்டில் ஒரு காலத்தில் பார்க்கத் தகுந்தவை இரண்டே இரண்டுதான். ஒன்று பரேடு மைதானம். இன்னொன்று எங்கள் ஆபீஸ் 'மீசை'யின் மீசை. இரண்டில் மைதானம் கொஞ்சம் சின்னது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. ஆபீசில் அவர் மீசை. அல்சூரில் எங்கள் தெருவில் அவர் மீசைக்காரர். ஜட்கா ஓட்டும் சாயபு மட்டும் மரியாதையாக "மூச்வாலா சாப்" என்பார். நான் அவருக்கு எதிர் வீடு. காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே ஆபீசுக்குப் போவோம். எனக்கும் மேலுதட்டில் ஏதோ முளைத்திருந்தது. காபி குடித்துவிட்டு வாயைத் துடைக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் பார்த்தவர்கள் நினைப்பார்கள். அப்படிப்பட்ட நான் அவர் பக்கத்தில் நடந்து போவதை நினைத்துப் பாருங்கள்!

அந்த மீசைக்கு அவர் செய்த ஊழியத்தில் பாதியைச் சுவாமிக்குச் செய்திருந்தால் மோட்சம் கிடைத்திருக்கும். காலையில் நெய். மத்தியானம் சீப்பு. ராத்திரி படுக்கப் போகும்போது அதன் மேல் ஒரு துணிக் கச்சை. பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டுக்கொள்வார். ஒருநாள் விடியற்காலையில் அந்தக் கோலத்தில் கதவைத் திறந்தவரைப் பார்த்துப் பால்காரன் "பல்வலிங்களா?" என்று விசாரித்துவிட்டுக் கிராம்புகூடக் கொண்டுவந்து கொடுத்தான்.

ஆனால் மீசைதான் புலி. ஆள் பூனை. எங்கள் ஆபீஸ் பட்டாளத்துக் குதிரைகளுக்குக் கொள்ளும் புல்லும் வாங்கிப் போடும் ஆபீஸ். துரை அறைக்குள் கூப்பிட்டால் மீசைக்குக் குரலே வராது. "எஸ் சார்" என்பதைக்கூட உதடு அசைவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உதட்டையோ மீசை மூடியிருந்தது. துரை பாவம், இந்த ஆசாமி ஊமை என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். ஆபீசுக்கு முன்வாசல் ஒன்று உண்டு. அது துரைமார்களுக்கு. குமாஸ்தாக்கள் லாயத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வர வேண்டும். மழைக்காலத்தில் அந்த வழியில் நடப்பது எப்படியிருக்கும் என்று குதிரை வளர்த்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே வருவோம். மீசை முணுமுணுக்கக்கூட மாட்டார்.

அவருடைய அப்பா, பெரியவர், இதற்கு நேர் எதிர். கல் கட்டட மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். அவர் வீட்டுக்குள் இருமினால் ஏரிக்கரையில் வண்ணான் நிமிர்ந்து பார்ப்பான். "எனக்குப் பொறந்துட்டு உனக்குத் தொண்டை எங்கடா போச்சு?" என்று தினம் ஒருமுறையாவது மகனைக் கேட்காமல் இருக்க மாட்டார். "இல்ல நைனா…" என்று ஆரம்பித்து மீசை அந்த வாக்கியத்தை முடித்து நான் கேட்டதில்லை.

இந்த மனுஷரைத்தான் டாக்டர் ஐயா வந்து கெடுத்தார்.

நல்ல வைத்தியத் தொழிலை உதறிவிட்டு, கதர்த் துண்டும் கட்டைத் தொண்டையுமாக ஊர் ஊராகப் போய்ச் சுதந்தரம் பேசிவந்தவர் டாக்டர் ஐயா. தண்டில் அவருக்குக் கூட்டம் போட அனுமதி இல்லை. மைசூர் மகாராஜா எல்லையில், ஸ்டேஷனைத் தாண்டி ஒக்கலிபுரத்தில், ஒரு பொட்டலில் பேசினார். சர்க்கார் குமாஸ்தா போனால் வேலை போய்விடும். ஆகவே நானும் மீசையும் அந்தப் பக்கமாகத் தற்செயலாக உலாவப் போனோம். மீசை ஒரு அரசமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். அந்த மரம் எவ்வளவு பெருத்திருந்தால்தான் என்ன? இரண்டு பக்கமும் மீசை வெளியே தெரிந்தது.

டாக்டர் ஐயா பேச்சின் நடுவில் அதைப் பார்த்துவிட்டார்.

"அந்த மரத்துக்குப் பின்னால பாருங்க. கூட்டத்துக்கு மீசை மட்டும் வந்திருக்கு. ஆள் எப்போ வருவாரு?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. டாக்டர் ஐயாவும் சிரித்தார். ஆனால் சிரித்துவிட்டு விடவில்லை. மரத்தைப் பார்த்துக் கையை நீட்டி, "வாங்கய்யா, முன்னாடி இடம் இருக்கு" என்றார். அவர் குரலில் கேலி கொஞ்சம்கூட இல்லை. மீசை போகவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து டாக்டர் ஐயா பற்றிப் பேப்பரில் ஒரு வரி வந்தாலும் கத்தரித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார். "அடுத்த தபா வந்தா முன்னாடி போய் குந்தணும்ப்பா" என்று என்னிடம் எத்தனையோ முறை சொன்னார்.

அடுத்த தடவை வரவில்லை. டாக்டர் ஐயா ஜெயிலுக்குப் போனார். ஜெயிலில் உடம்பு கெட்டது. வெளியே கொண்டுவந்து போட்ட சில நாளில் கண்ணை மூடிவிட்டார். செய்தி வந்த சாயங்காலம் பேட்டைப் பக்கம் ஒரு கடை திறக்கவில்லை. எங்கள் ஆபீசில் மட்டும் துரை ஒரு சர்க்குலர் விட்டார். யாரும் துக்கம் கொண்டாடக்கூடாது. கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தால் அன்றோடு வேலை போச்சு. ஹெட் கிளார்க் அதை உரக்கப் படித்தார். அவருக்கு 'சுருட்டு' என்று பெயர். பற்றவைக்காத சுருட்டு ஒன்று எப்போதும் அவர் காதில் இருக்கும். ரிச்சர்ட்ஸ் டவுன் கத்தோலிக்கர். நல்ல மனுஷர். படித்து முடித்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். மீசை தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எங்கள் தெருவில் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நம்மவர்களில் தகப்பனார் போனால்தான் மகன் மீசையை எடுப்பது. அப்பா உயிரோடு இருக்கும்போது எடுத்தால் அவருக்கு ஆகாது. இது தெரியாத தமிழன் தண்டில் கிடையாது. மீசை விடியற்காலையில் ஏரிக்கரை நாவிதரிடம் உட்கார்ந்து தலையும் மீசையும் மழுங்க எடுத்துக்கொண்டு முழுகப் போயிருக்கிறார். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான். அவர் முழுகி எழுவதற்குள் பெரியவர் காலமான செய்தி அல்சூர் முழுவதும் பரவிவிட்டது.

வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு ஒரு கும்பல் எதிர் வீட்டுக்கு ஓடியது. சாயபு ஜட்காவைக் கொண்டுவந்து நிறுத்தி, "உறவுக்காரங்களுக்கு எங்கெங்க சொல்லணும்?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். யாரோ ரோஜா மாலையோடு முன்னால் நின்றார். கதவு திறந்தது. திறந்தவர் பெரியவர். கையில் கஞ்சிக் கிண்ணம்.

அழுகை அப்படியே நின்றது. மாலைக்காரர் திக்குமுக்காடி, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், மாலையைப் பெரியவர் கழுத்திலேயே போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

"இன்னாய்யா இது? எனக்கு இன்னா கல்யாணமா?"

"அரே பெரியவரே, நீங்க இருக்கீங்களா!" என்றார் சாயபு.

அந்த நேரம் பார்த்து மீசை ஈரத்தலையோடு வந்து சேர்ந்தார். மீசை இல்லாத அந்த முகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன். சின்ன வாய். பச்சைக் குழந்தை வாய் மாதிரி இருந்தது. பெரியவர் கிண்ணத்தைக் கீழே போட்டார்.

"டேய்! நான் இங்க குந்திக் கஞ்சி குடிச்சிக்கினு இருக்கேன்டா! என்னைக் கொன்னுட்டியாடா பாவி!"

"உங்களுக்கு இல்ல நைனா."

"அப்ப எவனுக்குடா?"

"சாயங்காலம் சொல்றேன். ஆபீசுக்கு நேரமாச்சு."

மொட்டையின் மேல் தலைப்பாகையை வைத்துக்கொண்டு கிளம்பியேவிட்டார். நான் பின்னால் ஓடினேன். தெரு மூலை திரும்பும்வரை பெரியவர் குரல் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது.

அன்றைக்குத் துரை வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார், கறுப்புத் துணி இருக்கிறதா என்று. மீசையின் கையில் ஒன்றும் இல்லை. முகத்திலும் ஒன்றும் இல்லை. துரைக்குப் புரியவில்லை. ஆனால் பின்னால் வந்த குமாஸ்தாக்கள் எல்லாருக்கும் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. ஆபீசே எழுந்து நின்றது. இதென்ன என்று விசாரிக்கத் துரை அவரை அறைக்குள் கூப்பிட்டார். சுருட்டும் கூடவே ஓடினார். கதவு திறந்திருந்தது. நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"இவன் அப்பா நேற்று ராத்திரி இறந்துவிட்டார், சார்" என்றார் சுருட்டு, மீசை வாயைத் திறப்பதற்குள். பொய் சொன்னால் சனிக்கிழமை கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியவர் அவர். நண்பனுக்காக அதையும் ஏற்றுக்கொண்டார்.

துரை எழுந்துவிட்டார். மெய்யாகவே வருத்தப்பட்டார். கையைக் கொடுத்து, லீவு எடுத்துக்கொள் என்றார். மீசை 'எஸ் சார்' என்று உதட்டை அசைத்தால் போதும். வேலை பிழைத்தது. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் உண்டு. பின்னால் இரண்டு பையன்கள். பென்ஷனுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி. சுருட்டு அவர் காலை மிதித்து, "சொல்லிடுய்யா, சொல்லிடு" என்று பல்லைக் கடித்தார்.

"என் அப்பா வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார், சார்."

யார் பேசினது என்று நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அந்தக் குரலை அதற்குமுன் ஆபீசில் யாரும் கேட்டதில்லை. அசல் பெரியவர் குரல்!

"டாக்டர் ஐயாவுக்காக எடுத்தேன். உங்கள் சர்க்குலரில் கறுப்புத் துணி என்றுதான் இருக்கிறது, சார். மீசை என்று இல்லை."

துரையின் முகம் செங்கல்லாகிவிட்டது. ஆனாலும் ஒரு வழி விட்டார். "உன் ஹெட் கிளார்க் உன் அப்பா இறந்தார் என்கிறார். நீயும் ஆமாம் என்று சொல். வீட்டுக்குப் போ. இல்லாவிட்டால் இனிமேல் வரவேண்டாம்."

அப்போது வெளியே ஜட்கா வந்து நின்றது. யாரோ ஒருவர் காவல்காரனைத் தள்ளிக்கொண்டு முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தார். கையில் தடி. கழுத்தில் ரோஜா மாலை. கோபத்தில் அதைக் கழற்றக்கூட மறந்துவிட்டிருந்தார்.

"யார் இது?" என்று துரை கத்தினார்.

சுருட்டின் காதிலிருந்த சுருட்டு கீழே விழுந்தது. "காலமான அப்பா, சார்" என்றார், ஈனஸ்வரத்தில்.

பெரியவர் துரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தடியை ஓங்கிக்கொண்டு, "சாயங்காலம் வரிக்கும் எனக்கு உசுரு தாங்காதுடா. இப்பவே சொல்லு. எவனுக்கு எடுத்த?" என்றார்.

மீசை சொன்னார். "ஒக்கலிபுரத்துல அவர் என்னைப் பாத்துக் கேட்டாரு நைனா. மீசை மட்டும் வந்திருக்கு, ஆள் எப்ப வருவாருன்னு. நான் மரத்துக்குப் பின்னால நின்னேன். முன்னாடி வாங்கய்யான்னு கூப்பிட்டாரு. அவர் உசுரோட இருக்கும்போது நான் போகல. இனிமே எங்க போயி அவருக்குப் பதில் சொல்றது? அதான் மீசைய அனுப்பிட்டேன். ஆள் வந்துட்டேன்."

அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை. பெரியவரின் தடி மெதுவாகக் கீழே இறங்கியது. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தத் தொண்டைய இத்தினி நாளா எங்கடா வெச்சிருந்த?"

பிறகு துரை பக்கம் திரும்பினார். மேஸ்திரி வேலையில் கற்ற இங்கிலீஷ், கன்னடம், தமிழ் எல்லாவற்றையும் கலந்து அவர் சொன்னதன் சாராம்சம் இது: "நான் சாகல, துரை. ஆனா எம் மவன் பொய்யா மீசை எடுக்கல. அவனுக்கு அப்பன் செத்தது நெசந்தான்."

கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார். மகன் கழுத்தில் போட்டார். "வாடா போலாம்" என்றார். மீசை வழக்கப்படி லாயத்துப் பக்கம் திரும்பினார். பெரியவர் அவர் தோளைப் பிடித்து முன்வாசலுக்குத் திருப்பினார். அப்பாவும் பிள்ளையும் துரைமார் படியில் இறங்கிப் போனார்கள். கீழே சாயபு ஜட்காவிலிருந்து குதித்து ஒரு சலாம் வைத்தார் பாருங்கள், கவர்னருக்குக்கூட அப்படி வைத்திருக்க மாட்டார்.

வேலை போனது போனதுதான். மீசை ஒக்கலிபுரத்தில் ஒரு கொள்ளுக்கடை வைத்தார். பெண்ணின் கல்யாணம் தட்டிப்போய், அப்புறம் எளிமையாக நடந்தது. வீட்டில் கஷ்டம் உண்டு. இல்லை என்று நான் கதைவிடப் போவதில்லை. ஆனால் அதன் பிறகு எந்தக் கூட்டம் நடந்தாலும் முதல் வரிசையில் அந்த மழித்த முகம் இருக்கும். தடியடி விழும்போதும் அதே வரிசைதான். இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய்வந்தார். மீசையை மட்டும் திரும்ப வளர்க்கவில்லை. பெயரோ மாறவில்லை. கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் "இங்க மீசைன்றது யாருங்க?" என்று அவரையே கேட்பார்கள். "நான்தான்" என்பார், தொண்டை கணீரென்று.

பெரியவருக்குத்தான் ஒரு மனக்குறை. "நாளைக்கு நான் போனா எடுக்கறதுக்கு உங்கிட்ட இன்னாடா இருக்கு? எனக்குன்னு கொஞ்சம் வளத்து வெய்யிடா" என்று நச்சரிப்பார். கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது மீசை சொன்னபடியே வளர்த்தார். பெரியவர் தினம் கையால் தடவிப் பார்த்து, "இன்னும் போதாது" என்று சொல்லி நாளை ஓட்டினார். போதும் என்று தோன்றிய பிறகுதான் போனார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

போன மழைக்காலத்தில் மீசையும் போய்விட்டார். அவர் பிள்ளைகள் ஏரிக்கரையில் உட்கார்ந்து எழுந்த பிறகு அந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். நாவிதர் என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எடுக்க இன்னா சாமி இருக்கு?"

"இருக்கறதை எடுப்பா."

கத்தியை வைக்கப்போனவர் சற்றுத் தயங்கினார். "போனது உங்க அப்பாங்களா?"

"ஆமாம்" என்றேன். என் அப்பா அப்போது வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.