மடைமாத்தி அண்ணன் போட்ட வி.பி.என்.

பட்டுக்கோட்டையைத் தாண்டாமல், ஒரே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஏழெட்டு நாட்டுச் சட்டங்களில் கைவைத்தவர் இந்த உலகத்திலேயே மடைமாத்தி அண்ணன் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பெரிய அதிர்ச்சி என்னவென்றால், அது அவருக்கே தெரியாது!

எங்கள் தெருமுனையில் செல்போன் கடை வைத்திருந்தார். வெளிநாடு கிளம்புகிறவர்கள் கோயிலுக்குப் போய்விட்டு நேராக அங்கேதான் வருவார்கள். போனைத் துண்டால் துடைத்து, வி.பி.என். என்கிற ஆப் ஒன்றை ஏற்றி, ஓரத்தில் துளி விபூதியும் வைத்துக் கொடுப்பார். வீடியோ கால் தடுக்கப்பட்ட ஊரிலும் இது இருந்தால் வேறு நாட்டு வழியாகச் சுற்றிப்போய் முகம் பார்த்துப் பேசலாம்.

"மதகை அடைச்சுட்டா என்னடா பண்ணுவோம்? பக்கத்து வாய்க்கால்லேர்ந்து மடையை மாத்தி வயலுக்குத் தண்ணி கொண்டாறோமுல்ல, அதேதான்!" என்பார். பெயர் வந்தது அப்படித்தான். எந்த நாட்டு வழியாகப் போவது என்பதிலும் கண்டிப்பு உண்டு. "ஜப்பான் வேணாம், தூரம். சிங்கப்பூர் போடு. நம்மாளுங்க இருக்காங்க, பாத்துக்குவாங்க."

என் அண்ணன் துபாயில் ஏ.சி. மெக்கானிக். அவன் போன பிறகு பிறந்த மகளை அந்த வி.பி.என். வழியாகத்தான் தினமும் பார்த்தான்.

ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல், எந்த நாட்டில் வி.பி.என்.னுக்கு என்ன சட்டம் என்று தேடிப் படித்தேன். படித்த வேகத்தில் கடைக்கு ஓடினேன்.

"அண்ணே, நம்ம நாட்டுல குத்தமில்ல."

"பின்ன!"

"சீனாவுல கவர்மென்ட் ஒத்துக்கிட்டதைத்தான் போடணுமாம். ஓமன்ல தனியாளு போடவே கூடாதாம். துபாய்ல, தடுத்து வச்ச கால் பேச இதைப் போட்டா அபராதம். ஜெயிலும் உண்டாம்!"

ஸ்டூல் சரிந்தது. "நம்ம தண்ணியத் திருப்புனதுக்கு ஜெயிலாடா?"

"தண்ணி நம்மளது. வாய்க்கா அவங்களதுண்ணே."

கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு மொபெட்டில் பறந்தார். முதல் வீடு எங்களுடையது. அண்ணி குழந்தையை மடியில் வைத்து அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தார். மடைமாத்தி அண்ணன் போனைப் பிடுங்கினார்.

"தம்பி, அழி! நான் போட்டுக் குடுத்த வி.பி.என்.னை இப்பவே அழி! ஜெயிலுல போட்டுருவான்!"

"அழிச்சுடறேண்ணே. ஆனா இப்ப அதுலதானே பேசிக்கிட்டிருக்கோம்?"

"ஐயையோ!" தேளைத் தொட்டவர்போல் போனை மெத்தையில் வீசினார். திரையில் அண்ணன் முகம் பாதிச் சிரிப்போடு உறைந்து, மறைந்தே போனது.

அண்ணி மெதுவாகக் கேட்டார்: "இனிமே புள்ளைய அவரு எப்படிங்க பாப்பாரு?"

எதற்கும் வாய்க்கால் உதாரணம் வைத்திருக்கிற மனிதர், அன்று தலையைக் குனிந்தபடி போனார்.

மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். "வி.பி.என். இல்லாம, வீடியோ புடிச்சு அனுப்புனா தப்பாடா?"

மூன்று முறை தேடிப் பார்த்தேன். "இல்லண்ணே."

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் கடையைச் சாத்திவிட்டு, தான் வி.பி.என். போட்டுக்கொடுத்த வீடுகளுக்கெல்லாம் படம்பிடிக்கப் போகிறார். எங்கள் பாப்பாவின் முதல் பல், முதல் தவழல் எல்லாம் அவர் எடுத்ததுதான். பாதி வீடியோவில் நெற்றி மட்டும் தெரியும். முடிவில், நிறுத்தும் பட்டனைத் தேடுகிற அவர் மூக்கு திரை முழுக்க வந்து நிற்கும்.

அந்த மூக்கை வெட்டிவிட்டு அனுப்பட்டுமா என்று கேட்டேன். துபாயிலிருந்து அண்ணனின் குரல் பதிவு வந்தது.

"வெட்டிடாதடா. பாப்பாவைப் பாத்தா அழுகை வருது. அவரு மூக்கு வந்தாத்தான் சிரிச்சுக்கிட்டே வேலைக்குப் போறேன்."