கட்டில் காலைப் பிடித்த கதை

மனைவிக்கு வலி வந்தால் பாதியை நானே வாங்கிக்கொள்வது என்று ஏழாம் மாதமே முடிவு செய்துவிட்டேன். நான் பர்னிச்சர் கடை விற்பனையாளன். மூன்று கால் நாற்காலியையே பேசி விற்றவன். வலியைப் பேசிக் குறைக்க முடியாதா என்ன?

அவள் பஸ் கண்டக்டர். ஆடுகிற வண்டியில் நின்றே ஒன்பது வருஷத்தை ஓட்டியவள்.

அன்று காலை ஏழு மணிக்கு, பாதி தலை வாரியபடியே சீப்பைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, ஆரம்பிச்சிருச்சு."

"பயப்படாதே! மூச்சை இழு. நான் எண்ணறேன். ஒண்ணு, ரெண்டு..."

"முதல்ல நீங்க மூச்சு விடுங்க. முகமெல்லாம் நீலமாயிருச்சு."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பரிசோதித்துவிட்டு, இன்னும் நேரமிருக்கிறது, எப்படி வசதியோ அப்படி இருக்கலாம் என்றார். அவள் கட்டில் ஓரத்தில் இரு கைகளையும் ஊன்றிக் குனிந்து நின்றாள். நான் விடுவேனா?

"வலியை அலைன்னு நெனச்சுக்கோ. நீ கரையில நிக்கிறே. காத்து வீசுது. எதிர்ல ஒரு பூ..."

"ஏங்க."

"சொல்லு கண்ணு."

"கட்டில் நகருது. சக்கரம் வச்சது. நான் சாயும்போது ஓடிருச்சுன்னா விழுந்துருவேன். கீழ உக்காந்து காலைப் பிடிச்சுக்கிறீங்களா?"

"உன் காலையா?"

"கட்டில் காலை!"

பிடித்தேன். காரியம் ஆக யார் யாரோ யார் யார் காலையோ பிடிக்கிறார்கள். இரும்புக் காலைப் பிடித்தவன் நான் ஒருவன்தான்.

தரையிலிருந்து பார்த்தால் அவள் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. வலி வருவதை அவள் சொல்வதற்கு முன்பே விரல்கள் சொல்லிவிடும். பத்தும் தரையைக் கவ்வும். குதிகால் மெல்ல எழும். மேலிருந்து ஒரு முனகல், கத்தல் இல்லை, தாழ்ந்த ஒரே சுருதியில் நீளும். வளைவில் திரும்பும் பஸ்ஸில் நிற்பதுபோல இடமும் வலமும் ஆடுவாள். உச்சிக்குப் போகும்போது பாதங்கள் வெளுத்துப் போகும். நான் பிடித்திருந்த இரும்பே நடுங்கும். அப்புறம் குதிகால் இறங்கும். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளரும்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க சிஸ்டர்" என்பாள், ஒன்றுமே நடக்காததுபோல.

நாலு நிமிஷத்தில் மறுபடி அத்தனையும்.

எனக்குப் பேச்சு நின்றுபோனது. மூன்று வருஷமாக ஒரே வீடு. இந்தப் பாதங்களை நான் பார்த்ததே இல்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து "கால் வலிக்குதுங்க" என்று இவள் சொன்னபோதெல்லாம் "எனக்கும்தான்" என்றிருக்கிறேன். கடையில் நான் உட்கார ஐம்பது சோபா!

பன்னிரண்டரைக்கு விரல்கள் தளரவே இல்லை. "சிஸ்டர், வந்துருச்சு!" என்றாள். பிரசவ அறைக்குக் கூட்டிப் போனார்கள். நான் எழுந்தேன், முட்டி எழவில்லை. அரை மணியில் உள்ளேயிருந்து ஒரு புதுக் குரல் வீறிட்டது. பெண் குழந்தை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நர்ஸ் கட்டிலைத் தள்ள வந்தார். அடியில் எதையோ காலால் தட்டினார். 'டக்'. கட்டில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"என்ன சிஸ்டர் அது?"

"சக்கரத்துக்குப் பூட்டு சார். காலையிலயே போட்டாச்சு. யானை தள்ளினாலும் அசையாது. நீங்க கட்டில் கடையிலதான வேலை பாக்கறீங்க?"

நொண்டிக்கொண்டே உள்ளே போனேன். குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு கிடந்தாள்.

"அப்போ நான் உனக்கு ஒத்தாசையே பண்ணலையா?"

"யாருங்க சொன்னா? பெரிய ஒத்தாசை" என்றாள். "நாலு மணி நேரம் வாயே திறக்கலையே நீங்க!"